பழைய பேட்டையா, ஓஎம்ஆர் வளாகமா, நடுவில் ஒரு ஃப்ளாட்டா? சென்னையில் குடும்பத்தோடு வீடு பார்ப்பவர்களுக்கு

இந்த ஒரு மாதத்தில் மட்டும் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அப்பா அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நாற்பது வருஷமாகத் திருவல்லிக்கேணியில் ஒரே தெரு. எங்களுக்கு வேலை சோழிங்கநல்லூரில். அவர்களை இங்கே கூட்டிக்கொண்டு வருவதா, நாங்கள் அங்கே போவதா?" ஒருவருக்குத் திருவல்லிக்கேணி, ஒருவருக்கு மயிலாப்பூர், இன்னொருவருக்குப் புரசைவாக்கம். மற்றபடி கவலை ஒன்றுதான்.

நான் மூன்று விதமான இடத்திலும் குடியிருந்திருக்கிறேன். பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஐந்து குடித்தனம் இருந்த வீட்டில் ஒரு போர்ஷன். அப்பா காலமான பிறகு, 2017-இல் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், துரைப்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடி வளாகத்துக்குப் போனோம். ஏழு வருஷம் கழித்து மேற்கு மாம்பலத்தில் எட்டு வீடுகள் மட்டுமே உள்ள பழைய ஃப்ளாட் ஒன்றுக்கு வந்துவிட்டோம். அதனால் கீழே இருப்பது பாதி அனுபவம், பாதி கணக்கு.

## எதை வைத்து அளப்பது

வாடகை எவ்வளவு, ஆபீஸ் எவ்வளவு தூரம் என்பதை எல்லோருமே பார்ப்பார்கள். நான் இன்னும் ஐந்து விஷயங்களைச் சேர்ப்பேன்.

அவசரம் என்றால் ஐந்து நிமிஷத்தில் யார் வருவார்கள்? வீட்டிலிருக்கும் பெரியவர் யாரையும் எதிர்பார்க்காமல், தானே நடந்து போய் என்னென்ன செய்துகொள்ள முடியும்? கோடையில் தண்ணீரும் மழையில் தெருவும் எப்படி இருக்கும்? வாடகைக்கு மேலே மாதாமாதம் என்ன போகும்? கடைசியாக, நாம் யார், எப்படி வாழ்கிறோம் என்பதில் அக்கம்பக்கம் எவ்வளவு தூரம் தலையிடும்?

முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அவசரத்துக்கு ஓடி வரும் அதே ஆள்தான் நேற்று ராத்திரி நீங்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள் என்றும் கேட்பார். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்று பிரித்து வாங்க முடியாது. முடிவு எடுப்பதற்கு முன் இதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

## பழைய பேட்டை: திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், புரசைவாக்கம், ராயபுரம்

சென்னையின் பழைய பகுதிகள் பல, ஒரு தொழிலையோ கோயிலையோ மசூதியையோ சுற்றி உருவானவை. சிந்தாதிரிப்பேட்டை 1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காக உண்டாக்கப்பட்ட ஊர். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் அப்படி மருவியது என்பார்கள். வண்ணாரப்பேட்டை, சௌகார்பேட்டை என்று பெயரிலேயே தொழிலைச் சுமக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. பிழைப்பும் வீடும் ஒரே தெருவில் இருந்ததால் மனிதர்களும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அந்த நெருக்கத்துக்குக் காரணம் அங்கிருப்பவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதல்ல. வீடும் தெருவும் அமைந்திருக்கும் விதம்தான் காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் ஐந்து குடித்தனத்துக்கும் ஒரே வாசல், முற்றத்தில் ஒரே அடிபம்பு. மெட்ரோ வாட்டர் விடியற்காலையில் வரும். நாலரை மணிக்கே குடத்தோடு எழுந்து நிற்க வேண்டும். அம்மா அடிக்க, பக்கத்துப் போர்ஷன் அக்கா குடத்தை நகர்த்த, அவர் அடிக்கும்போது அம்மா நகர்த்துவார். இருபது வருஷம் தினமும் இப்படி நின்றவர்களுக்கு ஒருவர் வீட்டுச் சங்கதி ஒருவருக்குத் தெரியாமல் இருக்குமா? இதை யாரும் 'நட்பு வளர்ப்போம்' என்று கிளம்பிச் செய்யவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனார்கள், அவ்வளவுதான்.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தது ஒரு புதன்கிழமை காலையில். நான் ஆபீஸில். அம்மா போட்ட சத்தத்துக்கு முதலில் வந்தவர் வாசலில் தையல் மெஷின் போட்டிருந்த பாய். எங்கள் சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது. அப்பாவை ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, பாயும் எதிர்வீட்டுப் பையன்கள் இருவரும் தூக்கிக்கொண்டு பெரிய தெரு வரை நடந்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சீட்டு போட்டு, எக்ஸ்ரே எடுத்து முடித்திருந்தார்கள். பணம் யார் கட்டினார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலும் 1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய மசூதியும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. அந்த மசூதியில் ரமலான் மாதம் நோன்பு திறப்பவர்களுக்குப் பல வருஷங்களாக உணவு பரிமாறி வருபவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த தொண்டர்கள். பிரிவினையின்போது சிந்துப் பகுதியிலிருந்து வந்த குடும்பங்களின் வழியில் தொடரும் வழக்கம் இது. சின்ன வயதில் இதையெல்லாம் பார்த்து வளரும் பிள்ளைக்கு மத நல்லிணக்கம் என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர். மாட வீதிகளில் நீர்மோர், பானகம், சாப்பாடு என்று வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் வந்துவிடும். வயதானவர்களுக்கு இவை வெறும் கொண்டாட்டம் அல்ல, வீட்டை விட்டு வெளியே வர ஒரு காரணம். என் அம்மாவுக்குக் காய்கறி, கோயில், மருந்துக்கடை, தபால் நிலையம், தோழிகள் எல்லாமே கால் மணி நடைக்குள் இருந்தன. யாரையும் 'கூட்டிக்கொண்டு போ' என்று கேட்டதில்லை.

### வெளியே தெரியாத செலவுகள்

முதல் செலவு, எல்லோரையும் உள்ளே விடமாட்டார்கள் என்பது. வீடு தேடிப் போனால் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் 'நீங்க எந்த ஆளுங்க?' என்று கேட்கும் தெருக்கள் இன்றும் உண்டு. 'சைவம் மட்டும்' என்று பலகையே வைத்திருப்பார்கள். முஸ்லிம் என்று தெரிந்ததும் 'வீடு முடிந்துவிட்டது' என்று போனை வைத்துவிடுவார்கள். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஒரே வாரத்தில் நான்கு வீட்டில் இப்படித் திரும்பி வந்தார். பழைய பேட்டையின் நெருக்கத்தைப் புகழ்ந்து எழுதும்போது இதை விட்டுவிடுவது அநியாயம். கட்டிக்காக்கும் வேலியும் வெளியே நிறுத்தும் வேலியும் பல தெருக்களில் ஒன்றாகவே இருக்கிறது.

இரண்டாவது, கண்காணிப்பு. தனியாக வாழும் பெண், விவாகரத்து ஆனவர், கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள், இரவுப் பணிக்குப் போகிறவர் என்று யாராக இருந்தாலும் கேள்விகள் வரும். என் அக்கா கால் சென்டரில் வேலை பார்த்த இரண்டு வருஷமும் தெருவுக்குப் பதில் சொல்லியே அம்மா களைத்துப் போனார்.

மூன்றாவது, கட்டடம். மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை வீடுகள் மழைக்கு ஒழுகும், பழுதுபார்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. மாடிப்படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் கிடையாது. முட்டி வலி உள்ளவருக்கு முதல் மாடியே சிறைதான். கார் நிறுத்த இடம் இருக்காது. திருவிழா நாளில் வண்டியை வெளியே எடுக்க முடியாது. மயிலாப்பூரில் லஸ் பக்கம் மெட்ரோ ரயில் வேலையால் பாதைகள் மாற்றிவிடப்பட்டு வருஷக்கணக்கில் தூசியும் சுற்றுவழியுமாக இருக்கிறது.

வாங்குவதாக இருந்தால் நான்காவதும் உண்டு. பழைய வீடுகளுக்கு வாரிசுகள் அதிகம். ஒரு கையெழுத்து குறைந்தாலும் கோர்ட் வரை போகும். கோயில்களைச் சுற்றியுள்ள தெருக்களில், மனை கோயிலுக்கும் கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கும் சொந்தமாக இருக்கும் வீடுகள் உண்டு. வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல் தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்) வரை வக்கீலிடம் கொடுத்துப் பாருங்கள்.

### எப்போது இதுதான் சரி

பெரியவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்து, நடமாட முடிந்தால், தரைத்தளமோ ஏற முடிந்த மாடியோ இருந்தால், அவர்களை அங்கிருந்து அசைக்காதீர்கள். நீங்கள் போய்ப் பக்கத்தில் இருக்க முடியுமா என்று பாருங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வாடகை கட்டுப்படாதவர்கள் வடசென்னையைப் பார்க்கலாம். பெரம்பூர், ராயபுரம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் அங்கே போய் ஒரு மாலை நேரம் நடந்து பார்க்கட்டும். கேரம் போர்டைச் சுற்றி நிற்கும் கூட்டமும் வாசலில் நாற்காலி போட்டுப் பேசும் பாட்டிகளும் இருப்பார்கள். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவும் ஓடுகிறது.

## ஓஎம்ஆர் பக்கம் வேலி போட்ட வளாகம்

நாங்கள் குடியிருந்தது ஒன்பதாவது மாடியில். லிஃப்ட், ஜெனரேட்டர், குழந்தைகள் விளையாட வண்டி வராத இடம், வாசலில் இருபத்துநாலு மணி நேரமும் காவல். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள என் மகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. வீடு கொடுத்தவர் என் ஜாதியைக் கேட்கவில்லை. அதே தளத்தில் கேரளா, வங்காளம், மதுரை, ஹைதராபாத் என்று நான்கு ஊர்க்காரர்கள் இருந்தோம். யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், யார் எப்போது வருகிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. மேலே சொன்ன என் நண்பர் கடைசியில் வீடு பிடித்ததும் இப்படிப்பட்ட ஒரு வளாகத்தில்தான்.

அம்மாவுக்கு முதல் ஒரு வருஷம் கொடுமையாக இருந்தது. காலையில் நாங்கள் இருவரும் ஆபீஸ், குழந்தை ஸ்கூல். கீழே போனால் பேச ஆளில்லை. சாலைக்குப் போக வேண்டுமென்றால் வளாகத்துக்குள்ளேயே நெடுந்தூரம் நடக்க வேண்டும், சாலையைக் கடப்பது அதைவிடப் பயம். கீரை வாங்கக்கூடச் செயலிதான். ஒரு மத்தியானம் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். எதிர் வீட்டு மணியை அடித்திருக்கிறார், பக்கத்து வீட்டையும் அடித்திருக்கிறார், இரண்டிலும் யாரும் இல்லை. இன்டர்காமில் செக்யூரிட்டிதான் வந்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவருக்குத் தெரியாது. திருவல்லிக்கேணியில் அது நான்கு பேருக்காவது தெரிந்திருக்கும்.

வளாகத்தில் சமூகமே உருவாகாது என்று சொல்லமாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சுற்றிலும் தண்ணீர். கரண்ட் போய், ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்து, லிஃப்ட் நின்றுவிட்டது. மொட்டை மாடியில் பக்கெட் வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரில் நாளை ஓட்டினோம். யார் வீட்டு கேஸ் அடுப்பில் பெரிய பாத்திரம் ஏறுமோ அங்கே கிச்சடி. ஆறு வருஷம் லிஃப்டில் தலையாட்டிக்கொண்டிருந்தவர்களின் பெயரே அப்போதுதான் தெரிந்தது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்கள் கீழே கூடிப் பேசுவது என்று ஒருவர் ஆரம்பித்து வைத்தார், அம்மாவும் தவறாமல் போனார். பழைய பேட்டையில் அடிபம்பு செய்த வேலையை இங்கே ஒரு மனிதர் முயற்சி எடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படி ஒருவர் இல்லாத வளாகத்தில் வாட்ஸ்அப் குழு பார்க்கிங் சண்டையோடு முடிந்துவிடும்.

### வெளியே தெரியாத செலவுகள்

எங்கள் வளாகத்தில் மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 4 ரூபாய். 1,150 சதுர அடிக்கு மாதம் 4,600. தண்ணீர் லாரிக் கணக்கு தனி. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த நாட்களில் எங்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்தான் குழாய் திறந்தது. லாரிக்காரர் சொன்னதுதான் விலை. பழைய தெருக்களிலும் தட்டுப்பாடு இருந்தது, தெருமுனையில் குடங்கள் வரிசை கட்டின, சண்டையும் நடந்தது. ஆனால் அங்கே குழாய்ப் பதிப்பு பழையது, லாரியை மட்டுமே நம்பிய நிலை இல்லை.

மழைக் கணக்கையும் போடுங்கள். 2022-இல் ராம்சார் தகுதி, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், பெற்ற பள்ளிக்கரணை சதுப்பு நிலம்தான் தென்சென்னையின் வெள்ளநீர் வந்து தங்கும் இடம். அதன் ஓரத்தில், அதற்குத் தண்ணீர் போகும் வழியில் நிற்கும் வளாகம் எத்தனை வசதியாக இருந்தாலும் 2015-இலும் 2023-இலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தரகரிடம் கேட்க வேண்டாம், வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.

### எப்போது இதுதான் சரி

கணவன் மனைவி இருவருக்கும் அந்தச் சாலையிலேயே வேலை, பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் இதுதான். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் இதுதான். சாய்வுப் பாதையும் லிஃப்டும் இல்லாத வீட்டில் அண்டை அயலார் எவ்வளவு அன்பாக இருந்தாலும் அவரால் வெளியே வர முடியாது. மற்றவர் கேள்விகளிலிருந்து கொஞ்சம் தள்ளி வாழ விரும்புகிறவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோ பாதை புரசைவாக்கத்தையும் மயிலாப்பூரையும் ஓஎம்ஆரையும் ஒரே கோட்டில் இணைக்கப் போகிறது. அது முழுவதும் ஓடத் தொடங்கினால் 'அவர்கள் அங்கே, நாங்கள் இங்கே' என்பதும் இத்தனை பெரிய தூரமாக இருக்காது.

## நடுவழி: மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், கே.கே. நகர் பக்கம் பழைய ஃப்ளாட்

மூன்று மாடி, ஆறோ எட்டோ குடித்தனம், கீழே ஒரு வேப்பமரம். இங்கே எட்டுப் பேருக்கும் ஒரே சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), ஒரே மோட்டார். யார் மோட்டார் போடுவது என்ற முறை வைத்தாலே பேச்சு வந்துவிடுகிறது. அடிபம்புக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். தெருவில் பூக்காரம்மா, மாவுக் கடை, ஆவின் பூத் எல்லாம் உண்டு. அம்மா மறுபடியும் தானே பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். வாடகைக்கு விடும்போது கேட்கும் கேள்விகள் இங்கேயும் இருக்கின்றன, இடத்துக்கு இடம் மாறும். ஹவுசிங் போர்டு உருவாக்கிய நகர்களில் தெருக்களும் பூங்காக்களும் திட்டமிட்டு விட்டிருப்பதால் மழைக்காலம் தவிர நடப்பது சுகம்.

ஆனால் இந்தக் கட்டடங்கள் வேகமாக இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். வாங்குகிறவருக்கு இது லாபம், ஏனென்றால் பழைய ஃப்ளாட்டில் மனையின் பிரிபடாத பங்கு அதிகமாக இருக்கும். வாடகைக்கு வருகிறவருக்கு இது ஆபத்து. பழகிய எட்டுக் குடும்பமும் ஒரே மாதத்தில் எட்டுத் திசைக்குப் போய்விடும். எங்கள் பக்கத்துக் கட்டடத்துக்கு அதுதான் நடந்தது. எட்டில் ஒருவர் தண்ணீர் பணம் கொடுக்க மறுத்தாலும் மோட்டார் நின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | பழைய பேட்டை | ஓஎம்ஆர் வளாகம் | நடுவழி ஃப்ளாட் |
|---|---|---|---|
| அவசரத்துக்கு ஆள் | தெருவே வரும் | செக்யூரிட்டி, லிஃப்ட் | எட்டு வீட்டில் குறைந்தது இரண்டு |
| பெரியவர் தானே நடந்து போக | எல்லாம் பக்கம் | வளாகத்துக்குள் மட்டும் | பெரும்பாலும் முடியும் |
| தண்ணீர் | குழாய், அடிபம்பு | பெரும்பாலும் போர்வெல், லாரி | குழாய், போர்வெல் |
| வாடகைக்கு மேல் | பழுதுபார்ப்பு, பார்க்கிங் | மெயின்டனன்ஸ், லாரி, பயணம் | மோட்டார், கூட்டுச் செலவு |
| தலையீடு | அதிகம் | குறைவு | நடுத்தரம் |

## முன்பணத்துக்கு முன்

எங்கே போனாலும் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் முன்பணம். கேட்டுப் பாருங்கள், கொஞ்சமாவது இறங்கி வருவார்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், வீட்டை மத்தியானம் பார்க்காதீர்கள். தரகர்கள் கூட்டிப்போவது அப்போதுதான். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி ஒன்பதுக்கு ஒரு தடவை போங்கள். முடிந்தால் ஐப்பசி மழையில் ஒரு தடவை. முக்கியமாக அப்பாவையோ அம்மாவையோ கூட்டிப் போய், நீங்கள் உள்ளே வீட்டைச் சுற்றிப் பார்க்கும் நேரம் அவர்களை வாசலில் உட்கார வையுங்கள். திரும்பி வரும்போது அவர்களோடு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.